ஐந்திலிருந்து நாலுக்கு

ஐந்து பத்துக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சினான். பாதி காபிக்கு, மீதி ஃபிரிட்ஜுக்கு, மூன்று நாள் கழித்து அங்கிருந்து தொட்டிக்கு. அரை லிட்டர் வேண்டாம், கால் லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்ல எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். சட்டையை இஸ்திரி போட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஹாலில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் சைக்கிள் இருந்தது. படுத்துக்கொண்டு ஓட்டும் சைக்கிள். ஒரு சாய்வு நாற்காலிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் வைத்தால் எப்படியோ அப்படி. பெடல் முன்சக்கரத்தையும் தாண்டி, முகத்துக்கு நேராக இருக்கும். பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியரை இறக்கினான். எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. நாலுக்குத் தட்டியதும் சங்கிலி கடகடவென்று இருமிவிட்டு ஐந்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஏற்றத்துக்கு வேண்டிய நாலு கியரும் அதற்குக் கீழேதான். தினமும் சோதித்தான். தினமும் அதே இருமல்.

கியரை இழுக்கும் கம்பி தளர்ந்திருந்தது. பின்னால் கம்பி நுழையும் இடத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு, அரைச் சுற்று போதும். அது தெரியாதவன் இல்லை. மெக்கானிக்கல் படித்தவன். பிழைப்பே லிஃப்ட் பரிசோதனை. கட்டடம் கட்டடமாக ஏறி, விரல் தடிமன் இரும்புக் கயிறுகளைத் தொட்டுப் பார்த்து, 'தளர்வு உள்ளது, உடனே சரிசெய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். ஊருக்குத்தான் உபதேசம்.

திருகின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. நகப்பூச்சு. மனைவி வைத்தது. தையல் மெஷின் கம்பெனியில் சர்வீஸ் பார்த்தவள் அவள். நூல் எவ்வளவு இழுக்கிறது என்பதை விரலை வைத்தே சொல்வாள். கியர்க் கம்பியைப் புதிதாக மாட்டி, எட்டும் ஒழுங்காக விழும்வரை திருகி, நேர்மேலே புள்ளி வைத்து, "இது மேல இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றாள். அடுத்த வாரம் சின்ன ஆபரேஷன் என்று போனவள் வீடு திரும்பவில்லை.

புள்ளி இன்னும் நேர்மேலேதான் இருந்தது. வேறெதுவும்தான் சரியாக இல்லை. திருகைத் திருப்பினால் அவள் விரல் விட்ட இடம் போய்விடும். அதனால் அவன் மூன்று பந்தயங்களில் கடைசியாக வந்திருந்தான்.

பந்தயம் தொழிற்பேட்டையைச் சுற்றிய சாலையில். ஞாயிறு காலை லாரி கிடையாது. ஏழு பேர், பத்துச் சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ரயில் பாதைமேல் ஒரு பாலம். போன முறை அவன் பாலத்தின் ஏற்றத்தில் நின்றுபோய், பின்னால் வந்த மருந்துக்கடைக்காரர் சாக்கடை வரைக்கும் ஒதுங்கித் தப்பித்தார்.

பந்தயத்தை நடத்தும் பல் டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் நோட்டை மூடினார்.

"தம்பி, இன்னிக்கும் பாலத்துல படுத்தீங்கன்னா அடுத்த தடவை உங்க பேரை எழுத மாட்டேன்."

"படுத்துத்தானே டாக்டர் ஓட்டறோம்."

"ஓட்டிட்டுப் படுங்க."

மருந்துக்கடைக்காரர், "இருமலுக்கு நம்ம கடையில சிரப் இருக்கு. சங்கிலிக்குக் குடுக்கலாமான்னுதான் தெரியல" என்றார்.

இரண்டு சுற்று தப்பித்தான். பாலத்துக்கு முன் வெறிபிடித்தாற்போல் மிதித்து, அந்த வேகத்திலேயே ஐந்தாம் கியரில் ஏறிவிட்டான். மூன்றாவது சுற்றில் முன்னால் போன மருந்துக்கடைக்காரர் ஏற்றத்தில் நிதானித்தார். இவனும் நிதானிக்க வேண்டியதாயிற்று. நாலுக்குத் தட்டினான். இருமல். மறுபடி தட்டினான். மறுபடி இருமல். சாதாரணச் சைக்கிள் என்றால் எழுந்து நின்று மிதிக்கலாம். இதில் எழுந்து நிற்பதென்றால் இறங்குவதுதான்.

வேகமாக விழுந்தால் வீரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அவன் மெதுவாக, யாருக்கோ இடம் விடுகிறவனைப்போல, மரியாதையாகச் சாய்ந்தான். காலணி பெடலில் மாட்டியிருந்ததால் கால்கள் மேலே கிடந்தன. கவிழ்த்துப் போட்ட ஆமைகூட இந்த நிலையில் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவனுக்கு அந்த வசதியும் இல்லை.

பாலத்தின் உச்சியில் கொடியோடு நின்றிருந்த மச்சான் இறங்கி வந்தார். அவளுடைய அண்ணன். இரும்புக் கதவு செய்கிற வெல்டர். இந்தச் சைக்கிளின் எலும்புக்கூடு அவர் பற்றவைத்தது, கியர் தங்கை போட்டது. மிதிக்கும் பொறுப்பு மட்டும் இவனுடையது. மூன்றில் எது பழுது என்று கேட்கவே வேண்டாம்.

"உசுரு இருக்கா மாப்ள?"

"இருக்கு மச்சான்."

"அப்ப திருகைத் திருப்பு."

"அது அவ வெச்ச அளவு."

மச்சான் அவன் காலைப் பெடலிலிருந்து விடுவித்தார். சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். திருகை அவர் தொடவில்லை.

"கம்பி இவ்ளோ தளர்ந்த லிஃப்டை என்ன செய்வே?"

"பூட்டி சீல் வெச்சுடுவேன்."

"அப்ப இதையும் பூட்டு. இல்ல திருப்பு. நடுவுல தொங்காத."

அவன் உட்கார்ந்தான். இரண்டு விரலால் திருகைப் பிடித்தான். புள்ளி விரலுக்கடியில் மறைந்தது. அரைச் சுற்று திருப்பினான். மச்சான் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, பெடலைச் சுற்றிக் கியரைத் தட்டினான். இப்போது சங்கிலி ஆறைவிட்டே இறங்க மறுத்தது.

"எந்தப் பக்கம்டா திருப்பினே?"

எதிர்ப்பக்கம். லிஃப்ட் பரிசோதகர்.

மச்சான் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து அவன் பார்க்கவில்லை. அவன் திருகை அரைச் சுற்று பழையபடி திருப்பினான். புள்ளி மேலே வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இன்னொரு அரைச் சுற்று. புள்ளி அடியில் போய்விட்டது. தட்டினான். டக். நாலு. டக். மூன்று.

அந்தச் சுற்றை முடித்து, மீதி ஏழையும் ஓட்டினான். பாலத்தில் நிற்கவில்லை. கடைசியாகத்தான் வந்தான், அதற்குக் கியரைக் குறை சொல்ல முடியாது. டாக்டரம்மா நோட்டைத் திறந்து, அடுத்த பந்தயத்துக்கு அவன் பேரை எழுதினார்.

சைக்கிளை வேனில் ஏற்றிக் கட்டும்போது மச்சான் கேட்டார்.

"கடைசியா அவ 'அம்மாவைப் பாத்துக்கோ'ன்னு சொன்னதா எங்க அம்மாகிட்ட சொன்னியே."

"ஆமா."

"என் தங்கச்சி அப்படியெல்லாம் பேசமாட்டா மாப்ள."

அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். எல்லாரும் கேட்டார்கள். எதையாவது சொல்லவேண்டியிருந்தது. அத்தை அதைக் கேட்டு அழுதார், அதனால் பிறகு வந்தவர்களுக்கும் அதையே சொன்னான்.

"நிஜமா என்ன சொன்னா?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். அவள் தலையைத் திருப்பி, அவன் கையைப் பார்த்தபடி சொன்னாள்.

"புதுக் கம்பி, தளரத்தான் செய்யும். நான் வந்து பாத்துக்கறேன். நீ தொட்டு வெக்காத, எனக்கு ரெண்டு வேலை."