நூறு வருடம் நனையாத கோட்டு

எங்கள் மழைக்கோட்டுக் கம்பெனிக்கு இந்த நகரத்தில் நூறு வயது. கேட்டால் அப்பா நூறு வருடக் கதையையும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஆண்டுவிழாவில் கம்பெனித் தலைவர், கொள்ளுத்தாத்தா தைத்த முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் நிற்க வேண்டும். வாரிசு குழாயால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பிறகு அவர் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, நனையாத சட்டைக் காலரைக் காட்டி, "ஒரு சொட்டு உள்ள போனதில்ல" என்று பேசுவார். இந்த வருடம் குழாய் என் கையில்.

விழா நாள் காலையில் அந்தக் கோட்டு மொட்டைமாடிக் கொடியில் தொங்கியது. சித்தி சோப்புப் போட்டுத் துவைத்திருந்தார்.

"நாத்தம் குடலப் புடுங்குது. நாலு பேர் வர்ற நாளு, இதையா உங்கப்பா போட்டுக்கிட்டு நிப்பாரு?"

"அது நாத்தமில்ல சித்தி, மெழுகு. அது இருந்தாத்தான் தண்ணி உள்ள போகாது."

"அப்போ இனிமே போகுமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நூறு வருட மானம் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு போய்விட்டது. அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். அவர் நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"துவைச்சா என்ன? நீ குழாய நேரா புடி, போதும்."

நான் குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

வாசலில் நல்ல கூட்டம். முன்னால் எதிர்க்கடைக்காரர் நின்றார். பிளாஸ்டிக் மழைக்கோட்டு விற்பவர். அப்பாவின் வாயில் அவருக்குப் பெயர் 'பாலித்தீன் பை'.

தண்ணீரைப் பக்கவாட்டில் பீய்ச்சிப் பார்த்தேன். அப்பா முறைத்தார். நேராகப் பிடித்தேன். துணி ஊறிக் கனத்து உடம்போடு ஒட்டியது. எழுபது வயது மனிதர் விறைத்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பெருமையாவது மண்ணாவது. குழாயை எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பொத்தான்களைக் கழற்றினேன்.

"ரெண்டு போதும்மா, ரெண்டு போதும்" என்று அப்பா கையைத் தட்டிவிட்டார். நான் விடவில்லை.

உள்ளே இன்னொரு மழைக்கோட்டு இருந்தது. கழுத்தில்லாத நீல பிளாஸ்டிக். நெஞ்சில் எதிர்க்கடையின் முத்திரை.

எதிர்க்கடைக்காரர் அருகில் வந்து அப்பாவின் தோளைத் தடவிப் பார்த்தார்.

"கொஞ்சம் புடிக்குது. உங்கப்பாவுக்குத் தைச்ச அளவுலயே உங்களுக்கும் தைச்சுட்டோம். அடுத்த வருஷத்துக்குப் பாப்பாவுக்கும் அளவு எடுத்துடறேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"ஒரு சொட்டு உள்ள போனதில்ல" என்றார்.

முதலில் கைதட்டியது எதிர்க்கடைக்காரர்தான்.