ஆறாவது தட்டு

ஞானசேகரனுக்கு அன்று காலையிலிருந்தே வாயெல்லாம் பல். மேடைக்கு மட்டும் எடுத்துப்போகிற இரண்டு ஸ்பீக்கர்களையும் புக்கிட் பாத்தோக் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, ஒயர் மாட்டி, கீபோர்டைத் துடைத்து, சோபாவை இப்படியும் அப்படியும் நகர்த்தி ஒரு பெரிய ஆர்ப்பாட்டமே நடத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருஷமாக இருக்கிற மனிதர். ஒரு திருகாணி முடுக்கினாலும் நாலு பேர் பார்க்க வேண்டும் அவருக்கு.

"அப்பா, மேல் வீட்டு அங்கிள் கம்ப்ளெயின் பண்ணப் போறாரு லா," என்றாள் மகள் வைஷாலி.

"பண்ணட்டும். இன்னிக்கு ஒரு நாள்தானே."

சோபாவில் அவர் மனைவி தங்கம் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் பேச்சையும் நடையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வலது கையை மட்டும் கொடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் டோலக் வாசித்த கை அது. சிராங்கூன் ரோட்டுக் கல்யாண மண்டபங்களில் 'கீபோர்டு சேகர், டோலக் தங்கம்' ஜோடியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு பொம்பளை டோலக்கை மடியில் வைத்து விளாசுவதைப் பார்க்கவே பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார்கள்.

இன்னும் மூன்று வாரத்தில் வைஷாலிக்குக் கல்யாணம். "என் கல்யாணத்துல நான் உள்ள நடந்து வரும்போது அம்மாதான் வாசிக்கணும்" என்று பத்து வயதிலிருந்து சொல்லிவந்த பெண், ஏழு மாதமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததுதான் ஞானசேகரனைத் தின்றது. தங்கத்தின் கை போனால் என்ன, தங்கத்தின் தாளம் நம்மிடம் இருக்கிறதே என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது.

கீபோர்டில் 'ஸ்டைல்' என்று ஒன்று உண்டு. இடது கையால் ஒரு கார்டு, அதாவது மூன்று நாலு சுரங்களைச் சேர்த்துப் பிடித்தால் போதும், டிரம்ஸும் பேஸும் கிடாரும் தாமாகவே பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். கம்பெனிக்காரன் உள்ளே போட்டுக் கொடுக்கிற தாளங்களெல்லாம் வெள்ளைக்காரன் ஆட்டத்துக்குத்தான் சரி. நம் பாட்டுக்கு டோலக் இல்லாமல் எப்படி? அதற்காகவே ஒன்பது வருஷத்துக்கு முன் ஞானசேகரன் கம்ப்யூட்டரில் சொந்தமாக ஸ்டைல் செய்யக் கற்றுக்கொண்டார். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் அசல் டோலக்கை மணிக்கணக்கில் தட்ட முடியாது, நகர மன்றத்துக்குப் புகார் போய்விடும். ஆகவே ஒரு ரப்பர் பேட் வாங்கினார். அதைத் தட்டினால் சத்தம் ஹெட்ஃபோனுக்குள் மட்டும்தான் கேட்கும். எந்தத் தட்டு எந்த நொடியில் எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். தங்கம் தட்டுவாள். அவர் அதை எட்டுத் தட்டுச் சுற்றாக வெட்டி ஒட்டி, தொடக்கம், நடு, முடிவு என்று பிரித்து, பென் டிரைவில் போட்டுக் கீபோர்டில் ஏற்றுவார். மேடையில் அந்தத் தாளம் பின்னால் ஓட, அதன்கூடவே தங்கம் அசல் டோலக்கை வாசிப்பாள். இப்படி முப்பத்தெட்டு ஸ்டைல். ஜொகூர் வரைக்கும் கீபோர்டு வாசிக்கிறவர்கள் அவரிடம் கேட்டு வாங்கிப்போனார்கள்.

அந்த முப்பத்தெட்டிலிருந்தும் நல்லதாகப் பொறுக்கி, பேஸ், கிடார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டோலக்கை மட்டும் தனியாக நிறுத்தி, இரண்டு மாதம் மாலை மாலையாக உட்கார்ந்து ஒரு புது ஸ்டைல் செய்திருந்தார். மகள் நடந்து வரும்போது அவள் அம்மாவின் கை மட்டும் கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளு," என்று தங்கத்திடம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

டோலக் கூடம் நிறைய எழுந்தது. வைஷாலிக்குக் கண் தளும்பிவிட்டது. தங்கம் தலையைச் சாய்த்து நாலு சுற்று கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"நல்லா இருக்குங்க. யாரு வாசிச்சது?"

"யாரா? நல்லாக் கேட்டே போ! நீதான்."

"நான் இல்ல."

"விளையாடாதே தங்கம். உன் பேட் ரெக்கார்டிங்தான். ஃபைல்ல தேதிகூட இருக்கு."

"தேதி இருக்கட்டும். என் கை எனக்குத் தெரியாதா?" இடது கையால் சோபாவின் கைப்பிடியில் தட்டிக் காட்டப் பார்த்தாள். வரவில்லை. "ஆறாவது தட்டுல நான் கொஞ்சம் நின்னு விழுவேன். இது நிக்கவே இல்லையே. யாரோ நல்லாப் படிச்ச புள்ள வாசிக்குது."

ஞானசேகரன் சட்டென்று பொத்தானை அழுத்தி டோலக்கை நிறுத்தினார். ஏனென்றால் அவருக்குத் தெரியும்.

தங்கத்துக்கு ஆறாவது தட்டு எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாகத்தான் விழும். படியிறங்குகிறவர்கள் கடைசிப் படியில் ஒரு கணம் நின்று, புடவையைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்களே, அந்த மாதிரி. கேட்கிறவர்களுக்கு அங்கேதான் தலை தானாக ஆடும். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் தட்டு விழவேண்டிய இடத்தைக் காட்டும் கோடு ஓரிடம், தட்டு வேறிடம். முதல் ஸ்டைல் செய்தபோது பேஸ் கோட்டில் விழ, டோலக் தள்ளி விழ, இரண்டும் இடித்துக்கொண்டன. 'குவான்டைஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு அழுத்து அழுத்தினால் விலகி நிற்கிற தட்டுகளெல்லாம் கோட்டுக்கு வந்து வரிசையில் நின்றுவிடும். அழுத்தினார். அதே ஃபைலில் அப்படியே சேமித்தும் வைத்தார். மனைவி வெளியே கிளம்பும்போது பின்பக்கத்துப் புடவை மடிப்பைச் சரிசெய்துவிடுவதுபோல ஒரு உதவி என்றுதான் நினைத்தார். சொன்னால் வருத்தப்படுவாள் என்று சொல்லவில்லை. பிறகு அதுவே பழக்கமாகிப்போனது. தங்கம் தட்டி முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போவாள், இவர் பொத்தானை அழுத்துவார். "அக்கா வாசிப்பு கடிகாரம் மாதிரி!" என்று ஊரே புகழ்ந்தபோது பெருமை வேறு பிடிபடவில்லை. என்ன மனுஷனோ!

வீட்டில் அவர் காதில் ஹெட்ஃபோன், மேடையில் நூறு பேர் இரைச்சல். அவர் வெட்டி ஒட்டி முடித்த தன் தாளத்தைத் தங்கம் தனியாகக் கேட்டதே இல்லை. இன்றுதான் கேட்டாள்.

"கொஞ்சம்... நேர் பண்ணினேன்," என்றார்.

"எதை?"

"எல்லாத்தையும்தான்."

தங்கம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நான் தட்டினது தட்டினபடி ஒண்ணாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு போதும். இனிமே என்னால தட்ட முடியாது பாருங்க."

"இருக்கும். எங்க போயிடும்? தேடித் தர்றேன்," என்றார்.

தேடினார். சாப்பாடு தூக்கம் மறந்து தேடினார் என்றே சொல்ல வேண்டும். பழைய லேப்டாப், பழைய டிஸ்க், அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த பென் டிரைவ் எதையும் விடவில்லை. திறந்த ஃபைலிலெல்லாம் ஆறாவது தட்டு கோட்டின்மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியாவில் மாடிக் கடை வைத்திருக்கும் இப்ராஹீமிடம் போனார். அழிந்துபோன படங்களைக்கூட மீட்டுத் தருகிறவர் என்று பேர். இப்ராஹீம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, ஃபைல் எதுவும் போகல. எல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா நீங்க கடைசியா சேவ் பண்ணதுதான் இருக்கு. பழசு மேலயே எழுதிட்டீங்க." முகம் சுண்டிப்போய் நின்ற மனிதரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வேற பேர்ல போட்டு வெச்சிருக்கலாம் லா."

வைஷாலி இன்னொரு பக்கம் தேடினாள். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் ஃபோனிலெல்லாம் இருந்த கல்யாண வீடியோக்களை வாங்கிச் சேர்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய, ஸ்டைல் செய்யத் தொடங்குவதற்கும் முன்னால் எடுத்த டிவிடி ஒன்றும் கிடைத்தது. ஆசை ஆசையாகப் போட்டால், தங்கம் தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிறாள், சத்தம் மட்டும் ஏதோ சினிமாப் பாட்டு! வீடியோக்காரர் அழகுக்காக வாசிப்பை எடுத்துவிட்டுப் பாட்டை ஒட்டியிருந்தார். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார் ஞானசேகரன். திட்டிக்கொண்டிருக்கும்போதே, நாம் செய்தது மட்டும் என்னவாம் என்று உறைக்க, வாயை மூடிக்கொண்டார்.

மிச்சமிருந்தவை பிந்தைய வீடியோக்கள். பேஸும் கூச்சலும் கலந்திருந்தாலும் டோலக் கேட்டது, அசல் டோலக், அவள் கை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து வீடியோ. ஞானசேகரனுக்குக் குழப்பமாக இருந்தது. ஆறாவது தட்டு கோட்டிலேயே விழுந்தது.

"இது மேடையில வாசிச்சதாச்சே," என்றார். "இதுல நான் கையே வைக்கலையே!"

"நீங்க வைக்கல," என்றாள் தங்கம். "நான்தான் மாத்திக்கிட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்க மெஷின் என்னை விட்டுட்டு முன்னால ஓடும். ஆறாவதுல நான் நின்னா அது போயிடும். அந்த மெஷினுக்குள்ள வாசிக்கறதும் நான்தானே? போன வாரம் வீட்டுல தட்டின தங்கம் சரியா போறா, இன்னிக்கு மேடையில உக்காந்திருக்கிற தங்கம் பின்னால நிக்கறா. அப்ப எனக்குத்தானே ஏதோ ஆயிடுச்சு? வயசாகுது, கை தளருதுன்னு நினைச்சேன். வெளிய சொல்ல வெக்கம். ஓடி ஓடிப் பிடிச்சேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "தோ பாயோ மண்டபத்துக் கல்யாணத்துல மூணு தடவை தாளத்தை விட்டுட்டேன். அன்னிக்குத்தான் போதும்னு வெச்சேன்."

ஞானசேகரனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. டாக்சியில் வரும்போது, "இனிமே நான் வரலங்க, கை தளர்ந்துபோச்சு," என்றாள். "பரவாயில்ல, ரெஸ்ட் எடு. ஸ்டைல்லதான் நீ இருக்கியே," என்று சொன்னவர் அவர்தான். எவ்வளவு பெருந்தன்மை! அதற்கப்புறம் இரண்டு வருஷம் டோலக் உறையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் பக்கவாதம் வந்தது.

"நல்லா இருந்த கைங்க அது," என்றாள் தங்கம். இடது கையால் வலது கையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம் முழுசா நல்லா இருந்திருக்கு. நான்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு சும்மா வெச்சிருந்தேன்."

அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் கை அசையவில்லை என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. வைஷாலி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் ஞானசேகரன் லீவு போட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுவந்து தங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறாவது தட்டை மவுஸால் பிடித்து, கோட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்.

"இதா பாரு."

"ரொம்ப நிக்குது."

கொஞ்சம் முன்னால் தள்ளினார். "இப்ப?"

"இல்ல."

"இது?"

"ம்... இன்னொரு தடவை போடுங்க."

தள்ளினார், இழுத்தார், மறுபடி போட்டார். பதினொரு மணிக்கு ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. ஒவ்வொரு முறையும் தங்கம் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலை ஒரு தடவை ஆடினால் போதும். ஆயுசுக்கும் வேறு எதுவும் கேட்கமாட்டார்.

"நிறுத்துங்க," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியல."

"அவசரமில்ல தங்கம். மெதுவா..."

"இல்லங்க. நிப்பேன்னு தெரியுது. எவ்வளவு நிப்பேன்னு தெரியல. எல்லாமே சரி மாதிரியும் இருக்கு, எல்லாமே தப்பு மாதிரியும் இருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. "அதை மறக்கத்தானே அத்தனை வருஷம் பாடுபட்டேன். மறந்துட்டேன் போல."

ஞானசேகரன் மவுஸை விட்டார். "என்னை மன்னிச்சுடு" என்று சொல்ல வந்தவர், அந்த வார்த்தைக்குத் தனக்கு அருகதை இல்லை என்று விட்டுவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். தங்கம் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நேரா இருக்கறதையே வாசிங்க," என்றாள். "புள்ள நடந்து வரணும் இல்ல? அங்க யாருக்குத் தெரியப்போகுது?"

சிராங்கூன் ரோட்டு மண்டபம். வாசலில் பட்டுப்புடவையில் வைஷாலி வந்து நின்றதும் ஞானசேகரன் பொத்தானை அழுத்தினார். டோலக் ஸ்பீக்கரில் கணீரென்று எழுந்தது. ஒரு தட்டு பிசகவில்லை. வைஷாலி முதல் வரிசைக்கு வந்ததும் நின்று, குனிந்து, அம்மாவின் வலது கையை எடுத்து முத்தம் கொடுத்தாள். மண்டபமே கைதட்டியது.

அவர்களோடு பத்து வருஷம் மேடையில் பாடிய சுசீலா தங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே தங்கத்தின் தோளைக் கட்டிக்கொண்டு, மேடைக்கும் கேட்கும்படி கத்தினாள்: "அக்கா, உங்க கை! ஆயிரம் பேர் வாசிச்சாலும் நான் சொல்லிடுவேன் லா, இது உங்க கை!"

தங்கம் அவளைப் பார்த்துச் சிரித்து, "ஆமா," என்றாள்.

ஞானசேகரன் கீபோர்டு முன்னால் நின்றபடியே தேம்பி அழுதார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா அப்படித்தான் அழுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.