சுத்தமாக

என் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் என் வீட்டுக்காரர். ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினார்களாம். "நம்ம இஸ்திரிப் பெட்டியில பாதி இருந்துச்சு" என்று நலம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனிதருக்கு எதையும் கடைச் சாமானை வைத்துத்தான் அளக்கத் தெரியும்.

எங்களுடையது சலவைக்கடை. கீழே கடை, மேலே வீடு. அவர் கறை எடுத்துத் துவைப்பார், நான் தேய்ப்பேன். இப்போது நான் மேலே மல்லாந்து கிடக்க, கீழே என் இடத்தில் வேறொருத்தி தேய்க்கிறாள். காலர் தேய்க்கத் தெரியாதவள். வைத்த இடத்திலேயே பெட்டியை வைத்து அழுத்துகிறாள், சத்தத்திலேயே தெரிகிறது. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாமென்றால், தும்மினாலே உயிர் போய் உயிர் வருகிறது. தும்மலோ சிரிப்போ வந்தால் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சிரிப்புக்கு இதுவரை தேவைப்படவில்லை.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. கட்டிதான் குறுக்கே நிற்கிறது, எடுத்தால் வழி பிறக்கும் என்று டாக்டரம்மா சொன்னதால்தான் நான் ஆபரேஷன் மேசையில் ஏறிப் படுத்தேன். "கட்டி இருக்கிற பக்கத்து ஓவரி போனாலும் போகும். இன்னொன்னு இருக்கே, குழந்தைக்கு ஒன்னு போதும்மா" என்றார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த ஒன்றை நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். தையல் இழுக்கும்போதெல்லாம் அதனோடு பேசுவேன். நீ மட்டும் நல்லா இருடி என்பேன். ஓவரியை எப்படி 'டி' போட்டுக் கூப்பிடலாம் என்று யாரும் கேட்காதீர்கள். எனக்கு அது மகள் முறை.

என்னைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருந்தார், என் வீட்டுக்காரருடைய அக்கா. தங்கமான மனசு, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "அடுத்த வருஷம் இந்நேரம் நீ வாயும் வயிறுமா இருக்கப்போற, பாரேன்" என்பார். தலை வாரும்போதும் அதுதான், மாத்திரை கொடுக்கும்போதும் அதுதான். எரிச்சல் வருவது போல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளுக்குள் இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்றிருக்கும்.

வினை வியர்வையில் ஆரம்பித்தது. சும்மா படுத்திருப்பேன், திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காதெல்லாம் கொதிக்கும். பிறகு நைட்டி தொப்பலாக நனைந்துவிடும். கீழேயிருந்து ஏறிவரும் நீராவிதான் காரணம் என்று கடையைத் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, பாய்லர் அணைந்து கிடந்தது. அன்றும் வந்தது. ஈரத் துணியால் என் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நாத்தனார், "எனக்கும் இப்படியேதான்டி இருந்துச்சு, மாசாமாசம் வர்றது நின்னு போனப்ப" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. துடைத்த கை அப்படியே நின்றது.

"சேச்சே, உன் வயசுக்கு அதெல்லாம் இல்ல. உனக்குச் சூட்டு உடம்பு."

"எப்பலேர்ந்து அண்ணி?"

அவர் துணியைப் பிழியப் போய்விட்டார். அன்றைக்கு வாயும் வயிறும் பற்றிய பேச்சே இல்லை. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நிம்மதியோ பயமோ பொறாமையோ, நம் ஜனங்கள் எல்லாவற்றையும் வயிற்றில்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அறுத்துத் தைத்த வயிறு எத்தனையைத் தாங்கும்?

தையல் பிரிக்கும் நாள் வந்தது, வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் ஒவ்வொன்றாக வெட்டி உருவினாள். டாக்டரம்மா வந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். வியர்வையைப் பற்றிக் கேட்டேன்.

"அது இருக்கத்தான் செய்யும்மா. ரெண்டு ஓவரியும் எடுத்தாச்சுல்ல? மாத்திரை எழுதித் தர்றேன்."

எழுந்திருக்கப் பார்த்தேன். "ரெண்டுமா?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லலையா? நடுவுல நானே வெளிய வந்து கேட்டேனே. அந்தப் பக்கமும் கட்டி ஒட்டிக்கிட்டிருக்கு, பிரிச்சுப் பார்த்தா கொஞ்சம் மிஞ்சும், ஆனா திரும்ப வரலாம், என்ன செய்யலாம்னு கேட்டேன். சுத்தமா எடுத்துடுங்கன்னீங்க."

"கட்டியைச் சொன்னேன் டாக்டர்" என்றார் அவர்.

"நான் ஓவரியைத்தானே கேட்டேன்?"

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் கடையில் நாள் முழுக்கப் புழங்குகிற வார்த்தை அது. கறைபட்ட சட்டையை நீட்டி, "சுத்தமா எடுத்துடுங்க" என்பார்கள். கறை போக வேண்டும், சட்டை அப்படியே திரும்பி வர வேண்டும் என்று அர்த்தம். டாக்டரம்மா காதில் விழுந்தது வேறு சுத்தம். சுத்தமாகத் தூக்கம் இல்லை, சுத்தமாக மறந்துவிட்டேன் என்கிறோமே, மிச்சம் மீதி வைக்காத அந்தச் சுத்தம். இரண்டு பேருமே பிழையில்லாமல்தான் பேசியிருக்கிறார்கள். யாரைப் பிடித்து உலுக்குவது?

"கர்ப்பப்பை நல்லா இருக்கும்மா. வேற ஒருத்தங்ககிட்டேர்ந்து முட்டை வாங்கி..." என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா.

"அது வேற ஒருத்தங்களோடதுதானே டாக்டர்" என்றேன். அவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

வாடகைக் காரில் திரும்பினோம். கடை வாசலில் இறங்கி, மாடிப்படிப் பக்கம் வந்த பிறகுதான் அவர் கேட்டார்.

"நான் வேற என்னதான் சொல்லியிருக்கணும்?"

பாவம், போனால் போகிறது, நம் தலையெழுத்து என்று ஏதாவது சொல்லி அந்த மனிதரைத் தேற்றியிருக்கலாம். அவருடைய அக்காவுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லை.

"ஒன்ன விட்டு வைங்கன்னு சொல்லியிருக்கலாம்."

அவர் என்னையே பார்த்தார்.

"ஒன்ன விட்டு வைக்கணும்னுதான்டி அப்படிச் சொன்னேன். திரும்ப வரும்னாங்க. நீ இல்லாமப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

நான் கேட்டது ஒன்றை. அவர் காப்பாற்ற நினைத்தது என்னை. வாயில் வரும்போது 'ஒன்றை', 'உன்னை' இரண்டும் ஒரே சத்தம்.

கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முதல் படியிலேயே அடிவயிறு சுருக்கென்று இழுத்தது. அவர் தோளைக் கொடுத்தார். வேறு பிடிமானம் இல்லை, பிடித்துக்கொண்டேன். அவர் அழுதுகொண்டே ஏறினார். எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது, குலுங்கினால் பிரித்த இடம் திறந்துகொள்ளுமே என்று.