அண்ணி எடுத்த படம்

தலைப்பைக் கேட்டதும் பல்செட் அண்ணன் அதை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார். "உங்க வீட்ல இருக்கறவங்க உங்கள எடுத்த படம். இந்த வாரத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், பழசைத் தூசி தட்டிக் கொண்டுவரக் கூடாது," என்றது செல்போனில் வந்த குரல். பேசியவர் குழுவுக்குப் புதிதாக வந்தவர், ஸ்கூட்டர் ஷோரூமில் கேஷியர். சேர்ந்த சூட்டோடு போட்டியில் ஜெயித்துவிட்டதால் கால் தரையில் பாவாமல் இருந்தார். எல்லோரும் அவரைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள்.

அது போட்டோ பைத்தியங்களின் வாட்ஸப் குழு. போட்டோ எடுத்துப் பிழைப்பவர் அதில் ஒருவரும் இல்லை. பஸ் டிரைவர், மருந்துக்கடை நடத்தும் அக்கா, கணக்கு டீச்சர் என்று ஆளுக்கொரு தொழில். வாரம் ஒரு தலைப்பு, ஞாயிறு சாயங்காலம் ஓட்டு. பரிசு என்று ஒரு துரும்பும் கிடையாது. ஜெயித்தவர் அடுத்த வாரத் தலைப்பை அறிவிக்கலாம், அதையும் எழுதிப் போடக் கூடாது, சொந்தக் குரலில்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு பெருமைக்காகத்தான் இத்தனை அடிதடி.

பல்செட் அண்ணனுக்குப் பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. காலையிலிருந்து மெழுகில் பல் வரிசை அடுக்கிக்கொண்டிருப்பார். ஊரார் வாய்க்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுக்கிற மனிதர், தன் படத்தில் மட்டும் பல்லைக் காட்டியதே இல்லை. குழுவில் மூத்தவர். மூலை பார்க்கும் பழக்கத்தை அங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். "நடுவுல இருக்கறத எல்லாரும் பார்ப்பாங்க. நாலு மூலையையும் பாருங்க. அங்கதான் குப்பைத்தொட்டி நிக்கும், யாரோ ஒருத்தர் காலை நீட்டிட்டு இருப்பாரு," என்று ஆரம்பத்தில் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து ஓட்டுப் போடும் முன்னால் எல்லோரும் படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலை மூலையாகத் துழாவுவார்கள்.

இந்தத் தலைப்பு அவரைப் பயமுறுத்தியதற்குக் காரணம் எளிமையானது. வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. மனைவி போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் குழுவில் அவள் இன்னும் உயிரோடு இருந்தாள்.

அவர் ஒன்றும் திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை. வெளியூரில் தம்பி வீட்டுக்குப் போன இடத்தில் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது, அங்கேயே எல்லாம் முடிந்தது. ஊர் திரும்பி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது செல்போன் சிணுங்கியது. "எங்கண்ணே ஆளையே காணோம்? அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று டிரைவர் கேட்டிருந்தார். துக்க விசாரிப்பு கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்த மனிதருக்கு, அவள் நன்றாக இருக்கிறாளா என்று ஒருவர் கேட்டது குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. "இருக்கா. திட்டிட்டு இருக்கா," என்று பதில் போட்டுவிட்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க அப்புறம் வழி தெரியவில்லை. பிறகு வாங்கவும் மனமில்லை. படத்துக்குப் படம் அவள் திட்டினாள், கேலி செய்தாள், சாப்பிட வரச் சொல்லிக் கத்தினாள். "அண்ணி இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று யாராவது கேட்பார்கள். ஞாயிறு சாயங்காலத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவருக்கு வீடு வீடாக இருந்தது. மற்ற நேரம் அது நாலு சுவர்.

அதனால்தான் இந்தத் தலைப்பில் வசமாக மாட்டிக்கொண்டார். படம் போடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் உளறிவிடுவார். உளறினால் அவள் அங்கேயும் செத்துப் போவாள்.

தலைப்பு வந்ததும் டிரைவர், "இது சரிப்படுமா, வேற ஏதாவது வெச்சுக்கலாமே," என்று எழுதினார். மருந்துக்கடை அக்கா, "ஆமா, என் வீட்டுக்காரர் கேமராவைத் தொடக்கூட மாட்டார், மாத்திடுங்க," என்று ஒத்து ஊதினார். கணக்கு டீச்சரும் ஏதோ முனகினார். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டார் பல்செட் அண்ணன். தானும் மாற்றச் சொன்னால் சந்தேகம் வருமோ என்ற பயத்தில், வேண்டாத வீராப்பாக, "ஏன், நல்ல தலைப்புதானே. நான் அவகிட்ட குடுக்கறேன்," என்று எழுதித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

வாரம் முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு வரிசையில் கோரைப்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "என்னண்ணே, தூக்கமில்லையா? வீட்ல ஏதாவது சண்டையா?" என்றார் முதலாளி. பட்டறையை அவர் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அண்ணன் வீட்டு விவரம் தெரியாது. "ஆமா சார், சின்னதா," என்றார் இவர். அந்தப் பொய் நாக்கில் இனித்தது. மதியச் சாப்பாட்டை அன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கேமரா ஸ்டாண்டை எடுத்தார். ஸ்டாண்டில் வைத்துக் கேமரா தானாக எடுக்கும் படம் என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், அதுவும் இவர் எடுத்தால். எல்லாம் நேராக இருக்கும், முகம் பளிச்சென்று இருக்கும். அவள் எடுத்த படங்களோ அப்படி இருக்காது. அவள் குள்ளம், எப்போதும் கீழேயிருந்து எடுப்பாள். தலையின் உச்சியை வெட்டிவிடுவாள். பின்னால் இருக்கும் கதவு குடித்துவிட்டு நிற்பது போலச் சாய்ந்திருக்கும். "நேரா பிடி," என்று இவர் கத்த வாயெடுப்பார், அந்த நேரம் பார்த்து அமுக்கிவிடுவாள். "ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கறீங்க, எனக்கு ஒரு பல்லாவது காட்டினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்பாள். படத்தை வாங்கி, நேராக்கி, ஓரங்களை வெட்டி எறிந்து, பார்க்கும்படி ஆக்கினால்தான் இவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அவள் கண் எந்த உயரத்தில் இருந்தது என்று யோசித்தார். அளந்து பார்க்க இப்போது ஆள் இல்லை. சமையலறை அலமாரியில் அவளுக்கு எட்டிய கடைசித் தட்டு ஞாபகம் வந்தது. அதற்கு மேலே இருந்ததையெல்லாம் இவரைத்தான் எடுத்துத் தரச் சொல்வாள். தன் நெஞ்சுக்கு நேராக அவள் நெற்றி வந்து நிற்பதை உடம்பு மறக்கவில்லை, அதை வைத்துக் கணக்குப் போட்டு ஸ்டாண்டின் கால்களைக் குறுக்கினார். கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தார். பிறகு முழங்காலை மடக்கி, அந்த உயரத்திலிருந்து தான் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்தார். இத்தனை வருடமும் தன்னை அவள் இப்படி அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது.

போய் நின்றார். கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி எண்ணியது. முதல் படத்தில் வாயை மூடிக்கொண்டு அரசாங்க அடையாள அட்டை போல இருந்தார். அடுத்ததில் வாயைத் திறந்திருந்தார், பல் டாக்டர் முன்னால் திறப்பது போல. சும்மா வாயைத் திறந்தால் வராது என்று புரிந்தது. மறுபடி போய் நின்று, ஆளில்லாத கூடத்தில், கேமராவைப் பார்த்து உரக்கவே சொன்னார்.

"நேரா பிடி."

குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கேமரா சொடுக்கியது. அச்சு அசலாக அவள் எடுத்த படம் கிடைத்தது. உச்சந்தலை இல்லை, கதவு சாய்ந்திருந்தது, எரிச்சலும் செல்லமுமாக வாய் பாதி திறந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுது தீர்த்தார்.

ஞாயிறு சாயங்காலம் படங்கள் வந்து விழுந்தன. டிரைவரை அவர் மகள் எடுத்திருந்தாள், டீச்சரை அவர் மாமியார் எடுத்திருந்தார். பல்செட் அண்ணன் தன் படத்தைப் போட்டு, "அவ எடுத்தது. கதவையும் என்னையும் சேர்த்துச் சாய்ச்சுட்டா," என்று எழுதினார். ஓட்டு ஒரு பக்கமாகவே விழுந்தது. எல்லோரும் அவருக்கே போட்டிருந்தார்கள். இப்படி ஒரு வெற்றி அந்தக் குழுவில் யாருக்கும் கிடைத்ததில்லை.

அப்போதுதான் புதுசு எழுதினார். "படம் எடுத்தது அண்ணி. அப்ப ஜெயிச்சது அண்ணிதானே? அடுத்த தலைப்பை அவங்க குரல்லயே கேட்போம். நான் அவங்க குரலைக் கேட்டதே இல்ல."

என்ன எழுதுவது என்று பல்செட் அண்ணன் தேடுவதற்குள் பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. அவருடையவை அல்ல.

"அண்ணிக்குத் தொண்டை கட்டியிருக்கும், விடுங்க," என்றார் மருந்துக்கடை அக்கா.

"இந்நேரம் அவங்களுக்கு வீட்டு வேலை இருக்கும். அண்ணனே சொல்லட்டும்," என்றார் டீச்சர்.

"அண்ணி கூச்ச சுபாவம். பேசச் சொன்னா பேச மாட்டாங்க," என்று டிரைவர் எழுதினார்.

அந்தக் கடைசி வரியில் பல்செட் அண்ணனின் கண் நின்றுவிட்டது. கூச்ச சுபாவமாம். குழுவினர் எல்லோரும் ஒரு தடவை ஏரிக்குப் படம் எடுக்கப் போனபோது அவளும் வந்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாய் ஓயவே இல்லை. "அண்ணி இருந்தா வண்டிக்கு ரேடியோவே வேண்டாம்," என்று சொன்னவர் இதே டிரைவர்தான்.

அவள் இல்லை என்பது இவர்களுக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்றுதான் தெரியவில்லை. தான் இரண்டு வருடமாகப் போட்ட படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், இந்தத் தடவை மூலைகளை. வாசல் என்ற தலைப்புக்குப் போட்ட படத்தின் ஓரத்தில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. காலை வெளிச்சம் படத்தில், கொடியில் சட்டையும் வேட்டியும் மட்டும். சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், எதிர் நாற்காலியில் மடிக்காத துணிக் குவியல். மூலை பார்க்கக் கற்றுக் கொடுத்த மகானுபாவர் தன் மூலையை மட்டும் பார்க்கவில்லை. தலைப்பை மாற்றச் சொல்லி அவர்கள் முண்டியடித்தது சோம்பேறித்தனத்தால் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள், அண்ணி என்ன சொன்னாங்க, அண்ணி திட்டினாங்களா என்று. பிறகு கோபமும் வடிந்தது. அவள் உயிரோடு இருந்த ஒரே இடமும் போயிற்று, இனி எங்கே போய் அவளைத் திட்ட வைப்பது என்று நினைத்தார். செல்போனை எடுத்து, குரல் பதிவை அமுக்கினார்.

"டிரைவர் தம்பி, அவளா கூச்ச சுபாவம்? உங்களுக்கெல்லாம் தெரியும்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. புதுசு, நீங்க தப்பா ஒண்ணும் கேட்கல. அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சொல்லணும்னு நினைச்சேன், வரல. நீங்க அவளைப் பத்திக் கேட்கறது நல்லா இருந்துச்சு, அதான். அந்தப் படத்தை ஸ்டாண்ட் வெச்சு நானே எடுத்தேன். அது செல்லாது. மறுபடி ஓட்டுப் போடுங்க, ஜெயிச்சவங்க தலைப்பு சொல்லட்டும்."

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போயிற்று. இதோடு எல்லோரும் கம்பி நீட்டிவிடுவார்கள் என்று நினைத்தபோது டிரைவரின் குரல் வந்தது.

"அண்ணே, அந்தப் படம் அண்ணி எடுத்ததில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். பார்த்ததும் மூலையைத்தான் பெருசு பண்ணினேன். விரல் இல்ல. அண்ணி எடுத்தா லென்ஸ் ஓரத்துல அவங்க விரல் விழுந்திருக்கும். ஏரிக்குப் போனப்ப என் கேமராவைப் பிடுங்கி என்னை ஒண்ணு எடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? நான் அதை எதுவும் பண்ணாம அப்படியே வெச்சிருக்கேன். அனுப்பறேன்."

படம் வந்தது. டிரைவர் உச்சந்தலை இல்லாமல் இளித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரெல்லாம் கொட்டிவிடும் போல இருந்தது. ஓரத்தில் பாதி ஆளாகப் பல்செட் அண்ணன் நின்று, வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

வலது மூலையைப் பெரிதாக்கினார். இளஞ்சிவப்பாக, மங்கலாக, அவள் விரல் இருந்தது. தன்னிடம் இருந்த படங்களிலெல்லாம் அதை இவர் வெட்டி எறிந்திருந்தார், ஒன்றில்கூட மிச்சம் வைக்காமல்.

மெல்ல அதன் மேல் தன் விரலை வைத்தார். பட்டதும் படம் சுருங்கிப் பழைய அளவுக்குப் போய்விட்டது. மறுபடியும் பெரிதாக்கினார்.