மகன் சொல்ல வேண்டிய துதி

இலையுதிர் காலம் புவெனோஸ் ஐரெஸ் நகரின் மீது ஒரு நோன்பைப் போல இறங்கியிருந்தது. தெருவோர மரங்கள் தம் பொன்னையெல்லாம் நடைபாதையில் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளைகளை வானோக்கி ஏந்தி நின்றன. நதியிலிருந்து எழுந்த ஈரமூட்டம் வெயில் ஏறிய பின்னும் கலையவில்லை. தளபதிகள் ஆட்சியைப் பிடித்த பிறகு வந்த இரண்டாம் இலையுதிர் காலம் அது. தாழ்ந்த குரலில் பேசவும், சன்னலை ஓசையின்றிச் சாத்தவும், தெருவில் ஒரு கார் வேகம் குறைந்தால் மூச்சை அடக்கவும் மாந்தர் பழகிவிட்டிருந்தனர். பகலும் அவர்களைப் போலவே சீக்கிரம் ஒடுங்கிக்கொண்டது.

அத்தகையதொரு வெள்ளிக்கிழமையில், யூத உயர்நிலைப் பள்ளியின் நூலகத் தரையில், வெண்துணியின் கீழ் லேசர் வைன்ஷ்டோக் கிடந்தார். வேதம் கற்பித்தவர். காலை வகுப்பில் சங்கீதம் ஒன்றை வாசிக்கையில் வரியின் நடுவே அவர் குரல் நின்றுபோயிற்று. தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தியின் சுடரை, அதே பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் அவர் மகள் பெர்லா உள்ளங்கையால் அணைகட்டிக் காத்தாள். அவள் கண்கள் தெருப்பக்கச் சன்னலையே பார்த்திருந்தன. அவள் அச்சம் இறந்தவர் பொருட்டன்று.

"மணி அடிச்சாலும் பசங்கள விடமாட்டாரு மனுஷன்," என்று மூக்கைச் சிந்தினாள் அலுவலகம் பார்க்கும் மத்தில்தே. "இன்னைக்குப் பாரு, மணிக்கு முன்னாடியே தான் மட்டும் கிளம்பிட்டாரு."

பெர்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன. இரண்டையும் விழுங்கினாள். வாயில் காவலர் ஓஹேடா தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்திருந்தார்.

"டீச்சர், அந்தக் கார் திரும்ப வந்து நிக்குது. நம்பர் பலகையே இல்ல. ஒருத்தன் இறங்கி வந்து எங்கிட்ட நெருப்பு கேட்டான். கேட்டுட்டு, 'வாத்தியாரு போயிட்டாராமே. உங்க ஆளுங்கள்ல புதைக்கிற இடத்துல மகன்தானே முன்னாடி வந்து ஜெபம் சொல்லணும்?'னு கேக்குறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கத்தோலிக்கன், எனக்கென்ன தெரியும்னேன். அவனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு டீச்சர்."

பெர்லாவின் தம்பி ரூபென் கோடையிலிருந்து தலைமறைவாக இருந்தான். அவனுடன் தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டிலிருந்து இத்தகைய கார்களில் இழுத்துச் செல்லப்பட்டிருந்தனர், ஒருவரும் திரும்பவில்லை. இன்று சூரியன் சாயுமுன் அடக்கம் நடவாவிடில், வெள்ளி மாலையே தொடங்கிவிடும் ஓய்வுநாள் கழிந்து ஞாயிறன்றுதான் நடக்கும். அதற்குள் செய்தி அவனை எட்டிவிடும். எட்டினால் வந்துவிடுவான்.

"இன்னைக்கே புதைக்கணும் ஐயா," என்றாள் தலைமையாசிரியர் கிவெலிடம்.

வயது முதிர்ந்த கிவெல் சன்னல் வழியே காரைப் பார்த்தார். பெண்கள் சபை நடுவே குரலெழுப்புவதைக்கூட ஒப்பாத கண்டிப்பானவர். நெறி பிறழாத அம்முகத்தில் அவள் முதன்முறையாக அச்சத்தைக் கண்டாள்.

"வகுப்ப விட்டுடுங்க," என்றார் மத்தில்தேயிடம். "ஆம்பள வாத்தியாருங்க எல்லாரும் என்கூட வரணும். ஜெபம் சொல்லப் பத்து ஆம்பளையாவது வேணும்."

பெர்லாவின் தாய் ஃப்ரீதா கல்லறைத் தோட்டத்துக்குத்தான் நேராக வந்து சேர்ந்தாள். அதற்குள் உடலை நீராட்டி, வெண்ணாடை உடுத்தி, பலகைப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள்.

"என்னடி அவசரம்?" மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மகன் வர்றதுக்குள்ள அப்பன் மேல மண்ணத் தள்ளணுமா? நாத்திகம் பேசுறவதானே நீ, உனக்கு எப்படிப் புரியும்!"

"வெளிய பாரும்மா."

மதிலுக்கு அப்பால் அந்தக் கார் நின்றிருந்தது. சாய்ந்து நின்ற ஒருவன் புகைத்துக்கொண்டிருந்தான். தாய் பார்த்தாள். அவள் பிடி தளர்ந்தது.

"அவன் உயிரோட இருக்கான்னு சொன்னியே. நெசந்தானே?"

"இருக்கான்மா," என்றாள் பெர்லா. தம்பியிடமிருந்து சேதி வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

சைப்ரஸ் மரவரிசையின் இருளிலிருந்து இளைஞன் ஒருவன் வேகமாக நடந்து வந்தான். அதே தோள், அதே நடை. வராதே, வராதே என்று பெர்லாவின் உள்ளம் கதறிற்று. அவள் வேண்டுதல் எதையும் மறந்து பலகாலம் ஆகியிருந்தது. இதுவே அவள் வேண்டுதலாயிற்று. மதிலருகே நின்றவனும் நிமிர்ந்தான். வந்தவன் வெளிச்சத்தில் புகுந்து, தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கினான். குழிவெட்டுபவன்.

பெட்டி இறங்கியது. ஆசிரியர்கள் முறை முறையாக மண்ணிட்டனர். துக்கம் கைமாறலாகாதென்று, ஒருவர் மண்வெட்டியை மற்றவர் கையில் கொடாமல், அவரவர் நிலத்தில் குத்திவிட்டு விலகினர். குழி நிறைந்தபோது எல்லா ஓசையும் அடங்கிற்று. இனி, மகன் சொல்ல வேண்டிய அத்துதி சொல்லப்பட வேண்டும். இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத, இறைவன் பெயரை மட்டுமே உயர்த்தும் துதி.

கிவெல் தொண்டையைச் செருமி முன்வந்தார். ஃப்ரீதா அவர் சட்டைக்கையைப் பற்றினாள்.

"நீங்க சொல்லக் கூடாது. அவருக்குப் பெத்த பிள்ள இருக்கு. பிள்ள இருக்கும்போது ஊரான் சொன்னா, அவன் செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சொல்லாதீங்க."

"அப்ப யாரும்மா சொல்றது? பொழுது சாயுது."

 இளம் ஆசிரியர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டனர். இந்நேரத்தில் வாய் திறக்கும் இளைஞன் எவனும் மதிலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ரூபென்தான். மேற்கே வானம் சிவந்து கறுத்தது.

"பெத்த பிள்ளதானே சொல்லணும்?" என்றாள் பெர்லா. "நானும் பெத்த பிள்ளதான்."

கிவெலின் உதடுகள் மறுப்பதற்கென்றே அசைந்தன. அவர் மதிலைப் பார்த்தார், ஃப்ரீதாவைப் பார்த்தார், தம் நண்பரின் மீதிருந்த ஈரமண்ணைப் பார்த்தார். பிறகு ஓரடி பின்வாங்கி அவளுக்கு இடம்விட்டார்.

"மெதுவாச் சொல்லு. ஆனா எங்களுக்குக் கேக்கணும்."

சிறுவயதில் தந்தை ஓத, அடுத்த அறையிலிருந்து கேட்டுக் கேட்டே மனத்தில் படிந்த சொற்கள். முதற்சொல்லில் குரல் உடைந்தது. காரின் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அவள் திரும்பவில்லை. இரண்டாம் சொல் வந்தது; மூன்றாம் சொல் வந்தது. நிறுத்தத்தில் எல்லாருக்கும் முன்னதாக, உரத்து, "ஆமென்" என்றார் கிவெல். பின் ஏனையோர் அனைவரும் சொன்னார்கள். ஒவ்வோர் ஆமெனும் அவள் காலடியில் ஒரு பலகையாய் விழ, அதன்மீது நடந்து அவள் மறுகரை சேர்ந்தாள்.

மதிலருகே நின்றவன் சிகரெட்டை மிதித்து அணைத்தான். முகம் முகமாக எண்ணுவதுபோல் நோட்டமிட்டான். பிறகு காருக்குள் அமர்ந்தான். கார் நகரவில்லை.

ஃப்ரீதா குனிந்து, வந்து நின்றதற்கு அடையாளமாக வைக்கும் கூழாங்கல் ஒன்றைத் தேடி எடுத்து, கணவரின் மண்மீது வைத்தாள். சற்று நின்றாள். இன்னொன்றைத் தேடி எடுத்து, மண் துடைத்து, முத்தமிட்டு, முதற்கல்லை ஒட்டினாற்போல் வைத்தாள். அது யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆசிரியர்களும் பணியாளர்களும் இரு வரிசையாகப் பிரிந்து வழிவிட்டனர். தாயும் மகளும் கைகோத்து, கார் நின்ற வாயிலை நோக்கி அவ்வழியே நடந்தனர். இரு மருங்கிலிருந்தும், ஒருவர் பின் ஒருவராக, அடங்கிய குரல்கள் ஆறுதல் மொழிந்தன:

"எருசலேமுக்காகத் துக்கிக்கிற யாவரோடும் சேர்த்து, எங்குமாய் இருக்கிறவர் உங்களையும் தேற்றுவாராக."