ஓரிரு இடங்களில், அக்கா

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததே வேறொன்றை ஒப்புக்கொள்ளாமல் நழுவுவதற்காகத்தான். அந்த வேறொன்றை ஐந்தாம் பகுதிவரை தள்ளிப்போட உத்தேசம். அதுவரை உங்களுக்கு மழை காட்டுகிறேன். பார்த்துக்கொண்டிருங்கள்.

முதல் வரிக்கே மூன்று நாள் போனது.

"வானம் கறுத்துத் திரண்டு—"

வேண்டாம். மழைக்கதை என்றால் வானம் கறுக்கத்தான் செய்யும். அது சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை.

"கடல் அன்று காலையிலிருந்தே எதையோ சொல்லத் துடித்து—"

கடலுக்கு வேறு வேலை இல்லையா என்ன.

"அன்றும் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும் என்று அவன் எழுதினான்."

இது இருக்கட்டும். அழகில்லைதான். ஆனால் நடந்தது.

2

அவன் வானிலை அலுவலகத்தில் கடலோர மழை அறிக்கை எழுதுகிறவன். மலைப்பக்கத்து மழை அளவு, ஆற்றின் மட்டம், கடல் ஏறி இறங்கும் நேரம் எல்லாம் அவன் மேசைக்கு வரும். மழையும் வரும். கூரை ஒழுகுவதால் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு பச்சை வாளி இருக்கிறது. மொட்டைமாடியிலுள்ள மழைமானியும் இந்த வாளியும் ஒரு சொட்டுகூட வித்தியாசமில்லாமல் ஒரே அளவைக் காட்டும் என்று அவன் சத்தியம் செய்வான். அலுவலகம் மழைமானியை மட்டும்தான் நம்பும். வாளிக்கு முத்திரை இல்லை.

அவனுக்கு எழுத அனுமதிக்கப்பட்ட சொற்கள் மிகக் குறைவு. ஓரிரு இடங்களில், சில இடங்களில், பல இடங்களில். ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. நூற்றுக்கு இருபத்தைந்து இடத்தைத் தாண்டாவிட்டால் அது ஓரிரு. கடைசியில் கட்டாயம் "கூடும்" போட வேண்டும். பெய்யும் என்று எழுதினால் மேலதிகாரி அடித்துவிட்டுப் "பெய்யக்கூடும்" என்று திருத்துவார். "நீ என்ன மேகமா, உறுதியா சொல்றதுக்கு?" என்பார்.

[இடைச்செருகல்: ஊரில் அவனுக்கு "ஓரிரு" என்றே பெயர் விழுந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் ஒருநாள் அவனை நிறுத்தி, "சார், அந்த ஓரிரு இடத்துல வாடகைக்கு ஒரு வீடு பாத்துக் குடுங்க. எங்க தெருவுல குழாய்ல தண்ணியே வர்றதில்ல" என்றார். அவன் சிரிக்கவில்லை. "நானும் அதைத்தான் சார் இருபது வருஷமா தேடுறேன்" என்றான்.]

3

ஓரிருவுக்கு ஒரு அக்கா. தையல்காரி. ஆறு கடலில் சேருகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மாடிவீடு. கீழே தையல் கடை, மேலே குடித்தனம். மலையில் கொட்டிய மழை ஆற்றில் இறங்கும்போது கடலும் ஏறிக்கொண்டிருந்தால் தண்ணீர் கடலுக்குள் போக இடமிருக்காது. நெரிசல் பேருந்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி ஆறு பக்கத்தில் நிற்பவர் மேல் சாயும். பக்கத்தில் நிற்பது அக்காவின் தெரு.

இதை ஓரிரு மூன்று முறை அவளிடம் சொல்லியிருக்கிறான். மூன்று முறையும் அவள் இரும்புக்கால் வைத்த தையல் மெஷினை மாடிக்கு ஏற்றினாள். மூன்று முறையும் வெயில் அடித்தது. மூன்றாம் முறை மெஷின் அவள் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"ஏன்டா ஓரிரு, நீ சொன்ன மழை எங்கடா?"

"வடக்கே பத்து கிலோமீட்டர்ல கொட்டியிருக்கு, தையக்காரம்மா."

"அப்ப நான் அங்க போய் உக்காந்து தைக்கவா? இனிமே நீ சொல்லி நான் படி ஏறினேன்னா என்னைக் கத்திரிக்கோலால குத்து."

அவன் அவளை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். தையக்காரம்மாதான். அவளுக்கும் அவன் டா போட்ட ஓரிருதான். பாசமெல்லாம் உள்ளே எங்கேயோ மடித்து வைத்திருந்தார்கள், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத துணி மாதிரி.

இனி அவள் கணவர், ஓரிருவின் அத்தான். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையைச் சொன்னால் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. முதல் வரைவில் அவரை வீரராக எழுதினேன். என் வீட்டுக்காரி படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் "யார் இவரு?" என்று எழுதினாள். அடுத்த வரைவில் நோயாளியாக்கினேன். "வாய் மட்டும் நல்லா இருக்கே" என்று எழுதினாள். ஆகவே இப்போதைக்கு அவரைக் கடையின் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். உட்காருவது அவருக்குக் கைவந்த கலை.

4

அந்த நாள். வானம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து இருந்தது. ஆனால் மலையில் விடிகாலையிலிருந்து பெய்துகொண்டிருந்தது. கடல் உச்சத்துக்கு ஏறும் நேரம் பிற்பகல் நான்கு பத்து. ஆற்று வெள்ளம் கீழே வந்து சேரும் நேரத்தை ஓரிரு கணக்குப் போட்டான். நான்கு. திரும்பப் போட்டான். நான்கு. பச்சை வாளியை ஒருமுறை எட்டிப் பார்த்தான். காலி.

அக்காவுக்குப் போன் செய்தான். நாற்பது பள்ளிச் சீருடை வெட்டிப் போட்டிருந்த நேரம், அவள் எடுக்கவில்லை. மறுபடி செய்தான். துண்டித்தாள்.

எனவே ஒரே கணினித் திரையில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றில் வானொலிக்கான அறிக்கையையும் மற்றொன்றில் அக்காவின் கைப்பேசிக்கு ஒரு செய்தியையும் எழுதினான். பின்னால் நின்ற மேலதிகாரி, "சீக்கிரம்பா, ரேடியோக்காரங்க காத்திருக்காங்க" என்று தோளில் தட்டினார்.

தட்டிய தட்டில் இரண்டும் இடம் மாறிப் போயின.

மேலதிகாரி பதினோரு வருடமாக "ஓரிரு இடங்களில்" என்பதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. வானொலியில் செய்தி வாசிக்கும் அம்மையார் கொடுத்ததைக் கொடுத்தபடி வாசிப்பவர். காற்புள்ளியில்கூடக் கைவைக்க மாட்டார். ஒன்றரை மணிக்கு, அதே சலனமில்லாத குரலில், கடலோரம் முழுவதும் கேட்டது:

"வானிலை அறிக்கை. அக்கா, இந்த ஒரு தடவை என்னை நம்பு. நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடு. மெஷினைத் தூக்க அத்தானைக் கூப்பிடாத. அவர் தூக்குற மாதிரி நடிப்பார். பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடு. கூடும் கீடும் இல்ல அக்கா. வருது. இத்துடன் வானிலை அறிக்கை முடிவடைகிறது."

5

இதற்குப் பின் நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நானும் பாதிதான் நம்புகிறேன்.

கடலோரத்தில் தம்பி உள்ள அத்தனை அக்காக்களும் மாடி ஏறினார்கள். மாடி இல்லாதவர்கள் மாடி உள்ள அக்காக்களின் வீட்டுக்குப் போனார்கள். தம்பியே இல்லாத ஒரு பெண்மணி, "எங்கேயோ எனக்கொரு தம்பி இருக்கான் போல, இத்தனை நாள் யாருமே சொல்லல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். ஒரு அக்கா தன் பசுவையும் ஏற்றினாள். ஏற்ற ஐந்து நிமிடம். இறக்க மூன்று நாள். கணவன்மார்கள் பாடு வேறு. வீட்டுக்கு வீடு மனைவிமார்கள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததில், பீரோ, கட்டில், அரிசி மூட்டை எல்லாம் நிஜமாகவே தூக்கப்பட்டன.

ஒரே ஒரு அக்கா மட்டும் அசையவில்லை.

அவள் கைப்பேசிக்கு வந்திருந்தது இது: "வடகடலோரப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும். தாழ்வான பகுதிகளில் நீர் தேங்கக்கூடும்."

"பாத்தீங்களா," என்றாள் தையல்காரி. "கூடப் பொறந்தவளுக்கு அறிக்கை அனுப்புறான். ரேடியோல கேட்டீங்கல்ல? யாரு பெத்த புள்ளையோ, வார்த்தைக்கு வார்த்தை அக்கா அக்கான்னு உருகுறான். அவளுக்கு அப்படி ஒரு தம்பி. எனக்கு வாய்ச்சது ஓரிரு." சொல்லிவிட்டு நாற்பதில் ஏழாவது சட்டைக்குக் காலர் வைக்கப் போனாள்.

மூலையில் முக்காலியில் இருந்தவருக்கு மட்டும் அந்த அறிக்கை யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. மூன்றாம் முறை மெஷின் படி ஏறியபோது மைத்துனன் மாடிப்படி வளைவில் நின்றதையும், தன் விரல்களுக்கும் மெஷினுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அவன் உற்றுப் பார்த்ததையும் அவர் மறக்கவில்லை.

அந்த அத்தான் நான்தான். மூன்றாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். கண்டுபிடிக்காதவர்களுக்கு என் நன்றி.

கனமான பொருளை நடித்துத் தூக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மறுமுனையில் இரண்டு கையையும் வைக்க வேண்டும். மூச்சைப் பிடித்து முகத்தைச் சிவக்கவைக்க வேண்டும். "மெதுவா, மெதுவா" என்று சொல்ல வேண்டும். பொருள் தானாக மேலே போகும். எதிர்முனையில் யாராவது இருந்தால் போதும். இருபத்தாறு வருடம் இப்படிக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

வாயைத் திறந்தால் அந்த இருபத்தாறு வருடம் போகும். திறக்காவிட்டால் அவள் காலரில் குனிந்தபடியே இருப்பாள், தண்ணீர் வரும். சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. நேரக்காப்பாளராக இருந்தவன் நான். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அன்று அது அந்த அளவில் இல்லை.

6

இப்போது முடிவு.

(அ) அவர் துள்ளி எழுந்தார். மெஷினை ஒற்றைக் கையால்—

[பென்சில்: "சிரிச்சதுல ஊசி குத்திக்கிச்சு."]

(ஆ) அன்றும் தண்ணீர் வரவில்லை. எல்லோரும்—

முடியாது. கடைச் சுவரில் என் இடுப்பளவுக்கு இன்னும் கறை இருக்கிறது. பொய் சொல்பவனுக்குச் சுவர் பெரிய இடைஞ்சல்.

(இ) "அது நம்ம ஓரிருதான்," என்றேன்.

"எது?"

"ரேடியோல வந்தது. உனக்கு எழுதினது அங்க போயிருக்கு, அங்க எழுதினது உனக்கு வந்திருக்கு."

"அவன் என்னை அக்கான்னு கூப்பிடுவானா? போங்க."

"அந்த அத்தான் நான்தான்டி."

"ஊர்ல எல்லா அத்தானும் அப்படித்தான்."

"எல்லாரும் எப்படியோ. நான் உள்ளங்கையே வச்சதில்ல. விரல் நுனிதான்."

தையல் மெஷின் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் நீட்டி, யாரோ தைத்து அனுப்பிய சட்டைக் கையைச் சோதிப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப மூணு தடவையும் இந்த மெஷினை நான் ஒத்தையாவா தூக்கினேன்?"

அவள் குரலில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது பெருமை.

"பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடவா?" என்றேன்.

"எதுக்கு? நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. கனமான பக்கம்."

மூன்று மணிக்கு மெஷினும் சீருடைகளும் மாடியில் இருந்தன. மூன்று நாற்பதுக்குத் தண்ணீர் முதல் படியைத் தொட்டது. அந்தி மயங்கும் நேரத்தில் ஓரிரு நெஞ்சளவு நனைந்து, பச்சை வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மாடியிலிருந்து அவள் குனிந்து பார்த்தாள்.

"என்னடா, அக்கான்னு எழுதியிருக்க?"

"அவசரத்துல வந்துடுச்சு."

"இருக்கட்டும். மேல வா. துண்டு இருக்கு."

மறுவாரம் அவனுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: "இனி அறிக்கைகளில் உறவுமுறைகளைத் தவிர்க்கவும்." இப்போது அறிக்கையில் மறுபடியும் அதே "ஓரிரு", அதே "கூடும்"தான். ஆனால் மளிகைக்கடைக்காரர் இன்றும் வானொலி முன்னால் நின்றுகொண்டு, "இன்னைக்கு அக்காவுக்கு என்ன சொல்றான்?" என்றுதான் கேட்கிறார்.

இதுதான் நடந்தது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அதை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறேன்.

அன்று மாடிப்படியில் ஏறும்போது நான் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கம். பாதி வழியில் காதில் விழுந்தது: எதிர்முனையில் அவளும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது, நான் சிவக்கவைப்பதைவிட நேர்த்தியாக. அவள் விரல்களைப் பார்க்க முயன்றேன்; படி வளைந்துவிட்டது. எனக்குக் கை வலித்தது என்று நினைக்கிறேன். தூக்கிப் பழக்கமில்லாதவனுக்கு அது கனமா, பயமா என்று எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தை நேற்றே அவளிடம் கொடுத்தேன். படித்தாள். ஓரத்தில் பென்சிலை வைத்தாள், எழுதாமல் எடுத்துவிட்டாள். இப்போது குனிந்து காலர் தைத்துக்கொண்டே சிரிக்கிறாள்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அன்று அந்த மெஷினை ஓரிருவர் தூக்கியிருக்கக்கூடும்.