திருநள்ளாற்று எண்ணெய் விலை

"புளிசாதத்தை வாயில வச்சா கர்ப்பக்கிரகம் மணக்குதும்மா! பந்தியில உக்காந்த எங்க அத்தான் கன்னத்துல போட்டுக்கிட்டு எந்திரிச்சுட்டாரு!" என்று நெரவியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா பஞ்சநாதன் வாசற்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார், உள்ளே வந்தும் கத்தலாம், ஃபேன் ஓடுகிறது, ஆனால் உள்ளே வந்துவிட்டால் தெருவுக்குக் கேட்காதே என்று பங்கஜவல்லி நினைத்துக்கொண்டாள், எதிர்வீட்டு ஜன்னல் ஏற்கெனவே திறந்தாயிற்று, அவளே எதிர்வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் கதவையே திறந்திருப்பாள்... "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சம்பந்தி." "யாருக்கு யாரு சம்பந்தி? ஊர் ஊரா எண்ணெய் வெல விசாரிக்கத் தெரியுது, அது வெளக்குல ஊத்துறதா வாயில ஊத்துறதான்னு விசாரிக்கத் தெரியலையா?" சம்பந்தி இல்லையாமே, நிச்சயம் முடிந்து, தெரு முழுக்கச் சொல்லி, மகள் பிரதீபாவுக்குக் கூறைப்புடவைகூட எடுத்தாயிற்று, ஒரு டின் எண்ணெயிலா வழுக்கும் இந்தக் கல்யாணம்?

விலை சொன்னது அவள்தான், இல்லையென்று சாதிக்க முடியாது, தெரு வாட்ஸ்அப் குழுவில் அவள் குரலே கிடக்கிறது, திருநள்ளாற்றில் நளன் குளத்துப் பக்கம் ஒரு கடையில் நல்லெண்ணெய் கொள்ளை மலிவு, ஓடுங்கள் என்று... நல்லெண்ணெய் விலை அவளுக்கு வெறும் விலையா என்ன, போனில் நாகூர் நுஸ்ரத்தைக் கூப்பிட்டால் ஐந்து ரூபாய் இறக்கத்தோடு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையும் வரும், காரைக்கால்மேட்டில் பூங்கொடியைக் கூப்பிட்டால் ஏற்றத்தோடு எந்தப் படகு யார் கைக்கு மாறியது என்பதும் வரும், எண்ணெய் இல்லாவிட்டால் இத்தனை வீட்டு அடுக்களைக்குள் எதைச் சாக்கிட்டு நுழைவது? மாப்பிள்ளையின் அம்மா அஞ்சுகத்தைக் குழுவில் சேர்த்ததும் அவள்தான், ஒரு பெருமைக்கு, அந்த அம்மாளும் அதை நம்பி, பிள்ளை கவியரசனை விட்டு ஒரு டின் வாங்கிவரச் செய்து, உறவுக்காரர்களை விருந்துக்கு அழைத்து, அதிலே புளிக்காய்ச்சல் கிண்டி... மல்லிகை வாசனை கலந்த எண்ணெய், குளத்தில் முழுக வருகிறவர்கள் தலையில் வைத்துக்கொள்ளவும் சன்னதியில் விளக்கேற்றவும் வாங்குவது, சனிக்கிழமை அந்தக் குளக்கரையில் வேறு எதை விற்பார்கள், இந்தப் பக்கத்துப் பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே, அவளுக்குத் தெரியாமலா போயிற்று?

தெரியாமலா... உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகராமல் அவள் எந்தக் கடையிலும் விலை கேட்டதில்லையே, அன்றும் தேய்த்தாளா, திருநள்ளாற்றுக்குப் பஸ்ஸில் போகும்போது பிரதீபா ஜன்னல் பக்கம் பார்த்தபடி "இந்தச் சம்மந்தம் எனக்கு வேணாம்மா" என்றாள், பஸ் இரைச்சலில் காதில் விழாததுபோல இருந்துவிட்டாள், விழுந்ததுதான், பிறகு கடையில் கை ஈரமாகத்தான் இருந்தது, மூக்குவரை போனதா கை?

"எங்க கவியரசனுக்குப் பொண்ணா கெடைக்காது? இந்த மாசமே வேற எடத்துல தட்டு மாத்திக் காட்டுறேன்!" கெஞ்சத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாகக் கெஞ்சத்தான், "தாராளமா மாத்திக்குங்க, நல்லா இருக்கட்டும்" என்று வந்தது, பஞ்சநாதன் செருப்பைத் தேடினார், ஒன்று படிக்குக் கீழே போய்விட்டது, குனிந்து எடுத்துக் கொடுத்தவள் பிரதீபா, மரியாதையாக, இரண்டு கையாலும், அப்போதுதான் பங்கஜவல்லி மகளின் முகத்தைப் பார்த்தாள், நிச்சயத்துக்குப் பிறகு அந்த முகம் இப்படி மலர்ந்திருந்து பார்க்கவில்லை, பைக் தெருமுனை திரும்பியதும் தன் தோள்கூட இறங்கியதே, ஏதோ குடத்தை இறக்கி வைத்தாற்போல மூச்சு வந்ததே, வெட்கமாக இருக்க வேண்டாமா, ஊர் சிரிக்குமே, சிரிக்கட்டும்... அப்படியென்றால் மூக்குவரை போயிருக்குமோ கை?

கவியரசன் ஆவணியிலேயே திருநள்ளாற்றுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், விருந்துக்குக் கடலையெண்ணெய்தான் என்று கேள்வி. பிரதீபா வேலை கிடைத்துப் புதுச்சேரிக்குப் போனாள், அடுத்த தையில் அங்கே உடன் வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வனை மணந்தாள், அவன் எந்த ஊர், யார் பிள்ளை என்று மட்டும் பங்கஜவல்லி யாருக்கும் போன் போட்டு விசாரிக்கவில்லை.